குடிநோயும் இரத்தப் பரிசோதனையும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய பேச்சு)



குடியின் தீமைகளை எடுத்துரைக்க நாம் இங்கு வரவில்லை. அவற்றை நீங்கள் நாள்தோறும் கண்ணால் காண்கிறீர்கள். குடியை விட முடியாமல் தவிப்பவனை நோயாளியாகக் கருதி நடத்தப்பட்டுள்ள ஆராய்ச்சிகளைப் பற்றியே சிறிது கூற விரும்புகிறோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. குடிகாரனை வீட்டில் அடைத்துவைத்து, "இன்று முதல் ஒரு சொட்டும் கிடையாது" என்று கட்டளையிடுவோர் உண்டு. எண்ணம் நல்லதே. ஆயினும், பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால், முதல் நாளில் கைநடுக்கமும் வியர்வையும், இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதன்பின் சித்தப்பிரமையும் உண்டாகலாம். கவனியாது விட்டால் உயிரும் போகலாம். இத்தகையவனுக்கு மருத்துவர் மேற்பார்வையில் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும், தயாமின் என்னும் பி1 வைட்டமினும் கொடுத்தே குடியை நிறுத்த வேண்டும். ஆகவே, ஊர்க்கூட்டம் பின்னர் நடக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு முதலில் அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்து, குடியை மீண்டும் தொடாமல் காக்கும் மருந்துகள். டென்மார்க் நாட்டு விஞ்ஞானிகள் ஹால்டு, யாக்கோப்சன் இருவரும் டைசல்பிராம் என்னும் மருந்து குடற்புழுவுக்குப் பயன்படுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தனர். அதைத் தாமே உட்கொண்டபின் மது அருந்தியபோது, உடல் ஒவ்வாமல் போனதைக் கண்டனர். 1948-ல் இச்செய்தியை வெளியிட்டனர். இம்மருந்தை உண்டவன் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். அந்த அச்சமே அவனுக்குக் காவல். ஆனால் கணவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இது பெரும் ஆபத்து. அறியாமல் குடித்தவனுக்கு இரத்த அழுத்தம் தாழ்ந்து மரணமும் நேரலாம். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்னும் பிற்கால மருந்துகள் இவ்வாறு அச்சுறுத்துவதில்லை. குடிக்கும் வேட்கையைத் தணிக்க உதவுகின்றன.

ஒருவன், "மூன்று வாரமாக நான் தொடவில்லை" என்கிறான். மனைவி நம்பவில்லை, எத்தனையோ முறை ஏமாந்தவள் அவள். உண்மையை எவ்வாறு அறிவது? வாயில் ஊதச் சொல்லும் கருவி சில மணி நேரத்துக்கு முன் குடித்ததை மட்டுமே காட்டும். ஜி.ஜி.டி. என்னும் கல்லீரல் பரிசோதனை பழையது. ஆனால் பிற கல்லீரல் நோய்களிலும், சில மருந்துகளாலும் அந்த அளவு கூடும். குடியாதவன் மீதும் பழி விழக்கூடும். எத்தில் குளுக்குரோனைடு என்பது சிறுநீரில் சுமார் மூன்று நாள் வரை தென்படும். எனினும், கை கழுவும் சாராயத் திரவத்தை அடிக்கடி பூசிக்கொள்பவருக்கும் சிறிதளவு தோன்றுவதுண்டு. பாஸ்பாடிடைல் எத்தனால் என்பதோ, இரத்தத்தில் மது இருந்தாலன்றி உண்டாகாது. சிவப்பணுக்களின் மேலுறையில் உண்டாகி, இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை நிற்கும். ஏரியில் நீர் வற்றினாலும் கரையில் நீர்க்கோடு தெரிவது போன்றது இது. இப்பரிசோதனை எல்லா ஊர்களிலும் கிடைப்பதன்று.

இதனை யார் கையில் கொடுப்பது என்பதில் நமக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு. பரிசோதனை முடிவு நோயாளிக்கும் மருத்துவருக்கும் உரியது, சாவடியில் வாசிப்பதற்குரியதன்று. மனைவிக்குச் சொல்வதும் அவன் சம்மதத்துடனேயே நடக்க வேண்டும். மீண்டும் குடித்தது தெரிந்தால் மருத்துவர் சிகிச்சையை மாற்றி அமைப்பார். ஊரார் அறிந்தாலோ, அவன் அடுத்த முறை இரத்தம் கொடுக்க வரவே மாட்டான்.

பஞ்சாயத்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். கோவா மாநிலத்தில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவுகள் 2017-ல் அச்சேறின. இவர்கள் தீங்கு தரும் அளவுக்குக் குடித்தவர்கள். நோய் முற்றியவர்கள் அல்லர். மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற சாதாரண மக்கள் அவர்களில் ஒரு பகுதியினரிடம் சில முறை அமர்ந்து பேசினர். ஓராண்டுக்குப் பின், அவ்வாறு பேசப்பட்டவர்களில் 100-க்கு 54 பேர் அபாய நிலையிலிருந்து மீண்டிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 32 பேரே மீண்டனர்.

உங்கள் ஊரில் பொறுமையும், இரகசியம் காக்கும் குணமும் உடையவர் இருவரைத் தேர்ந்து, அவர்களுக்குப் பயிற்சியளிக்குமாறு உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேளுங்கள். ஒருவர் பெண்ணாக இருந்தால், குடிப்பவர் வீட்டாரும் தயங்காது வந்து பேசுவர்.