அடுத்தவர் கடனுக்கு நம் பொருள் போகக்கூடாது

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான பயிற்சிக் கூட்டத்தில் சங்கத்தின் சட்டப் பிரிவு சார்பில் ஆற்றிய உரை)



வட்டிக்கடன், நுண்நிதிக் கடன், லீசிங் என்று ஏதோ ஒரு கடன் நுழையாத லயம் இன்று இல்லை. கடன் பட்டவர் ஒருவர், பொருளைப் பறிகொடுப்பவர் இன்னொருவர் என்ற கொடுமையைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறோம்.

இது நமக்குப் புதிதல்ல. கங்காணியின் கணக்கில் இருந்த கடனைத் துண்டில் எழுதி, அதை அடைத்தால்தான் ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்றிருந்த காலத்தை நம் பாட்டன்மார் கண்டார்கள். அந்தத் துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் விழுவது நிற்கவில்லை.

காரணம் நாம் வாழும் விதம். ஒரே காம்பிராவில் தாய் தகப்பன், கல்யாணமான மகன், மருமகள், பிள்ளைகள் என்று இருக்கிறோம். மகன் பட்ட கடனுக்கு ஆள் வந்தால், அம்மா ஈபிஎஃப் காசில் வாங்கிய தையல் மெசினும், மருமகளுக்குத் தாய் வீட்டில் கொடுத்த அலுமாரியும், தகப்பன் வளர்க்கும் பசுவும் ஒன்றாகத்தான் கண்ணில் படும். எது யாருடையது என்று பொருளில் எழுதியிருக்காது. நாம்தான் காட்ட வேண்டும்.

முதலில், வந்திருப்பவர் யார் என்று பாருங்கள். கடன் கொடுத்த கம்பனியின் ஆளுக்கு வீட்டுக்குள் புகுந்து பொருளைத் தூக்க அதிகாரம் கிடையாது. பலவந்தமாக எடுத்தால் அது பொலிசில் முறையிட வேண்டிய விடயம். நீதிமன்றக் கட்டளையோடு வரும் பிஸ்கல் உத்தியோகத்தர் வேறு. அவரைத் தடுக்கவோ, வாய்த்தர்க்கம் செய்யவோ வேண்டாம். கட்டளையைக் காட்டச் சொல்லி, எந்த நீதிமன்றம், வழக்கு இலக்கம் என்ன, யாருடைய பெயர் என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயர் அதில் இல்லையென்றால், "இந்தப் பொருள் என்னுடையது, கடன்காரருடையது அல்ல" என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். அதை எழுத்திலும் கொடுங்கள். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 241 ஆம் பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. உரிமைகோரல் வந்தால் பிஸ்கல் அதை நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். நீதிமன்றம் அதை விசாரிக்க வேண்டும். ஆனால் கிடைத்த முதல் சந்தர்ப்பத்திலேயே கோரியிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. "அடுத்த சம்பளத்துக்குப் பிறகு பார்ப்போம்" என்று இருந்தால் கதை முடிந்துவிடும்.

விசாரணையில் அழுது பயனில்லை. பொருள் பிடிக்கப்பட்ட அன்று அது உங்களுக்கு உரியதாக அல்லது உங்கள் கைவசம் இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். கடையில் வாங்கியதென்றால் உங்கள் பெயரில் உள்ள பில், உத்தரவாத அட்டை. தவணையில் வாங்கியதென்றால் பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள். நகையென்றால் பழைய அடகுச் சீட்டு, கல்யாணப் படம். பசுவென்றால் மிருக வைத்தியர் அலுவலகப் பதிவு, பால் சேகரிக்கும் நிலையத்தில் உங்கள் பெயரில் உள்ள கணக்கு. பில் இல்லையென்றால், வாங்கும்போது கூட வந்தவர், விற்ற கடைக்காரர், பக்கத்துக் காம்பிராக்காரர் சாட்சி சொல்லலாம்.

தாய்மார் இதைக் கவனியுங்கள். மலையகத்தில் நமக்குப் பொருந்துவது பொதுச் சட்டம். 1923 ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டத்தின்படி மனைவியின் சொத்து மனைவிக்கே சொந்தம். புருஷன் பட்ட கடன் என்பதற்காக மட்டும் அதைப் பிடிக்க முடியாது. ஆனால் அந்தக் கடனுக்கு நீங்கள் பிணைக் கையெழுத்து வைத்திருந்தால் அது உங்கள் கடனும்தான். குழுக்கடனில் மற்றவருக்காக வைக்கும் கையெழுத்தும் அப்படியே. லீசிங்கில் எடுத்த ஆட்டோ தவணை முடியும் வரை கம்பனியின் பெயரில் இருப்பதால் அதற்கு இந்த வழி பொருந்தாது.

கடன்காரரின் பொருளிலும் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. அவருக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் தேவையான உடுப்பு, படுக்கை, அவர் தொழில் செய்யும் கருவிகள், தொழிலாளியின் கூலி ஆகியவற்றுக்கு 218 ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால், உரிமையை நிலைநாட்டத் தனி வழக்குப் போட 14 நாட்கள்தான் உண்டு. அது தவறினால் அந்தக் கட்டளையே முடிவாகிவிடும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். வருமானம் குறைந்தவர்களுக்காகவே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நீதிமன்றத்தில் பேசுவது விளங்கவில்லை என்றால் தமிழில் மொழிபெயர்ப்புக் கேளுங்கள். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி அதை அரசே தர வேண்டும். வீட்டுக்கு வரும் கடிதம் சிங்களத்தில் இருந்தாலும் மூலையில் போடாமல் அன்றைக்கே சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம். பழைய திகதி போட்டுப் பில் எழுதி வாங்குவதற்கும், வழக்கு வந்த பிறகு கடன்காரரின் பொருளை மனைவி பெயருக்கு மாற்றுவதற்கும், சத்தியக்கடதாசியில் பொய் சொல்வதற்கும் சங்கம் துணை நிற்காது. ஒருவர் பொய் சொல்லி அகப்பட்டால், அடுத்த முறை உண்மை சொல்லும் தாயையும் நம்ப மாட்டார்கள்.

தலைவர், தலைவிமாரே, இந்த மாதச் சம்பளத்துக்குள் உங்கள் லயங்களில் ஒரு வேலை செய்யுங்கள். பொருள் வாங்கும்போது, காசு கொடுப்பவரின் பெயரிலேயே பில் எழுதச் சொல்லிக் கொடுங்கள். கடைகளில் தரும் மெசின் பில்லில் எழுத்து சில மாதங்களில் அழிந்துவிடும். அதைப் போட்டோக் கொப்பி எடுக்கச் சொல்லுங்கள். கூரை ஒழுகும் காம்பிராவில் தாள் நனையாதிருக்க எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றித் தகரப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். பில் இல்லாத பழைய பொருளைப் படம் பிடித்து வையுங்கள்.

கொழுந்து பறித்துச் சேர்த்த பொருள் அது. பட்ட கடனை நாம் அடைப்போம். படாத கடனுக்கு ஒரு கரண்டியும் கொடுக்க மாட்டோம்.