பஞ்ச காலத்து அடுப்பங்கரை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரை)



கல்வியைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கல்வியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது அடுப்பங்கரைக் கல்வி. சிரிக்க வேண்டாம்! பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நம் பாட்டிமார்கள், அரிசி இல்லாத காலத்தில் குடும்பத்தைக் காப்பாற்றினார்களே, அதுவும் படிப்புதான். அந்தப் படிப்புக்கு யாரும் மேடை போட்டுப் பரிசு கொடுத்ததில்லை. ஆகையால் பரிசு கொடுக்கும் இந்த நாளில் அவர்களை நினைப்பது பொருத்தம் என்று எண்ணுகிறேன்.

நம் தோட்டத்துப் பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும் ஒரு சொல் 'சப்பான்காரன் காலம்'. சோற்றைச் சிந்தினால் போதும், "சப்பான்காரன் காலத்துல இருந்திருந்தா தெரியும்" என்பார்கள். அப்படி என்னதான் நடந்தது?

போருக்கு முன்பு மலாயா சாப்பிட்ட அரிசியில் பாதிக்கும் மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. தோட்டங்களில் எங்கு பார்த்தாலும் ரப்பர். ரப்பரைத் தின்ன முடியுமா? பால் வெட்டிய கூலியில் அரிசி வாங்கித்தான் உலை வைக்க வேண்டும். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரியில் மலாக்கா அவர்கள் கைக்குப் போனது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. அரிசிக் கப்பல் அருகிப் போயிற்று. ரப்பருக்குச் சந்தை இல்லை. வெள்ளைக்காரத் துரைமார்கள் போய்விட்டார்கள், சம்பளமும் அவர்களோடு போய்விட்டது. வாழைமரம் அச்சடித்த நோட்டு வந்தது. நாளாக ஆக அது வெறும் காகிதம் ஆயிற்று. இதற்கு மேல், சயாம் மரண ரயில் பாதை போட ஆண்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 415 கிலோ மீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களில் வீடு திரும்பாதவர்கள் ஏராளம். லயத்தில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும்தான். அடுப்பை மூட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு.

அவர்களுக்குக் கைகொடுத்தது மரவள்ளிக்கிழங்கு. இதில் நம் மலாக்காவுக்கு ஒரு தனிக் கதை உண்டு. ரப்பருக்கு முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டில், இங்கே சீன முதலாளிகள் பெரிய அளவில் மரவள்ளி பயிரிட்டார்கள். 1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் ஆசகானில் பெரிய தோட்டம் போட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிட்டது அப்படி மலாக்காவில்தான் தொடங்கியது. ரப்பர் வந்து கிழங்கை ஓரம் கட்டியது. ஐம்பது வருஷம் ஆவதற்குள் போர் வந்தது, கிழங்கு மறுபடியும் முன்னால் வந்து நின்றது!

மரவள்ளி ஏழைக்கு ஏற்ற பயிர். விதை வேண்டாம், ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும். சத்தில்லாத மண்ணிலும் வரும். எட்டு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் கிழங்கு வைக்கும். பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். மண்ணுக்குள்ளேயே விட்டால் பல மாதம் கெடாது. மண்ணே களஞ்சியம். மரவள்ளி விளையும் வரைக்கும் வயிறு காத்திருக்குமா? அதற்காக மூன்று நாலு மாதத்தில் வரும் சர்க்கரைவள்ளியைப் பக்கத்திலேயே நட்டார்கள். இந்தக் கணக்கை அவர்களுக்கு எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தார்?

மாணவர்களே, மரவள்ளியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போது, அதில் உள்ள ஒரு பொருள் சயனைட் என்னும் விஷமாக மாறுகிறது. கசப்பு மரவள்ளியில் அது அதிகம். அந்த விஷம் தண்ணீரில் கரையும், சூட்டில் ஆவியாகப் போய்விடும். நம் பாட்டிகள் வேதியியல் படித்தவர்கள் அல்லர். தோலை நன்றாக உரித்தார்கள். துண்டு போட்டுத் தண்ணீரில் ஊற வைத்தார்கள். சட்டியை மூடாமல் வேக வைத்து, வெந்த தண்ணீரைக் கீழே கொட்டினார்கள். "அந்தத் தண்ணிய ஆடு மாடுகூட குடிக்கக் கூடாது" என்று பிள்ளைகளை எச்சரித்தார்கள். இன்றைக்கு ஆராய்ச்சிக்கூடம் சொல்லும் பாதுகாப்பு முறையும் கிட்டத்தட்ட இதுதான்.

ஒரே கிழங்கைத் தினமும் எப்படித் தின்பது? அங்கேதான் கைவண்ணம். காலையில் பசியாற அவித்த கிழங்கும் மிளகாய்ச் சம்பாலும். பகலுக்கு, ஒரு பிடி அரிசியில் கிழங்குத் துருவலைக் கொட்டிக் கஞ்சி. அரிசி எங்கே இருக்கிறது என்று கரண்டியால் தேட வேண்டும்! இரவுக்குக் கிழங்கு அடை. துருவிப் பிழிந்து ஆவியில் வைத்தால் புட்டு. பிழிந்த தண்ணீரைத் தெளிய வைத்தால் அடியில் வெள்ளை மாவு தங்கும், அதைக் காய்ச்சினால் கைக்குழந்தைக்குக் கூழ். மிஞ்சிய கிழங்கைச் சீவி வெயிலில் காய வைத்து இடித்தால், மழைக் காலத்துக்கு மாவு.

பருப்பும் புளியும் இந்தியாவிலிருந்து வர வேண்டியவை. அவையும் நின்றன. புளிக்குப் பதில் வேலியோரத்தில் காய்க்கும் பிலிம்பிங் காயை நசுக்கிக் குழம்பில் போட்டார்கள். பருப்புக்குப் பதில் பலாக்கொட்டை. சீனி இல்லையா? தென்னம் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் மலாக்காச் சர்க்கரை இருந்தால் ஒரு துண்டு, இல்லாவிட்டால் வெறும் வரக்கோப்பி. கோப்பித்தூளும் இல்லாத வீட்டில் வறுத்த சோளம்தான் கோப்பி. காய்கறிக்கு வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக் கீரை, சர்க்கரைவள்ளிக் கொழுந்து, ஓடையோரத்துப் பாக்குக் கீரை. கால்வாயில் தூண்டில் போட்டுக் கிடைத்த மீன், வயலோரத்து நத்தை. மலாய்க்காரப் பக்கத்து வீட்டிடம் ஒரு கீரை, சீனரிடம் ஒரு பக்குவம் என்று கற்றுக்கொண்டார்கள். பசி சாதி பார்க்கவில்லை, இனமும் பார்க்கவில்லை.

அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கத்திலும் இதே கதைதான். பர்மா அரிசி நின்றதும் திருவிதாங்கூர் மக்கள் கப்பைக்கிழங்கைத் தின்று நாளைக் கடத்தினார்கள். நம் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஜவ்வரிசி போரினால் நின்று போகவே, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்றைக்குச் சேலம் ஜவ்வரிசிக்குப் பேர் போன ஊர். தீபாவளிப் பாயசத்தில் மிதக்கும் அந்த முத்துக்குள்ளேயும் ஒரு பஞ்சத்தின் கதை இருக்கிறது.

இவ்வளவும் கேட்டு, "ஆகா, அந்தக் காலத்துச் சாப்பாடுதான் சத்தான சாப்பாடு" என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய ஏழு கிராம் புரதம் உண்டு. அதே எடைக் கிழங்கில் ஒன்றரைக் கிராம்கூடத் தேறாது. கிழங்கு வயிற்றை நிரப்பியது, உடம்பை வளர்க்கவில்லை. கால் வீங்கியவர்கள், ஆறாத புண்ணோடு அலைந்தவர்கள், வளராமல் போன பிள்ளைகள், தாய்ப்பால் வற்றிய தாய்மார்கள், இவர்களும் அந்தக் காலத்துக் கதையில் இருக்கிறார்கள். தாய் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், இல்லாத சத்தை உப்புப் போட்டு வரவழைக்க முடியாது.

இந்த உண்மையை நமக்குப் பக்கத்திலேயே கண்டுபிடித்தார்கள். 1900-ஆம் ஆண்டுகளில் மலாயாவில் பெரிபெரி நோயால் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு அது நிறைய வந்தது, தமிழர்களுக்கு அபூர்வம். ஏன் என்று பார்த்தார் டாக்டர் பிராடன் என்பவர். நம் ஆட்கள் தின்றது புழுங்கல் அரிசி. அவர்கள் தின்றது நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. 1907-இல் இதைப் பற்றி அவர் நூல் எழுதினார். பிறகு பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு டாக்டர்கள் சோதனை செய்து, குறை அரிசியைத் தீட்டுவதில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது இன்று நமக்குத் தெரியும். ஊரிலிருந்து கொண்டு வந்த புழுங்கல் அரிசிப் பழக்கம் எத்தனை உயிரைக் காத்திருக்கிறது பாருங்கள்! சப்பான்காரன் காலத்தில் போனது அந்தப் புழுங்கல் அரிசியும்தான்.

1945-இல் போர் ஓய்ந்தது, தட்டுப்பாடு உடனே ஓயவில்லை. 1948-இல் அவசரகாலம் பிறந்தது. காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போகக் கூடாது என்று அரசாங்கம் கெடுபிடி செய்தது. அரிசி பங்கீட்டு அளவுதான். கடையில் டின் வாங்கினால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், சேர்த்து வைக்க முடியாது. பல இடங்களில் வாசலில் சோதனை. வெட்டுக்குப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டு போகக் கூடாது. விடியற்காலையில் போனவர் வேலை முடிந்து வந்துதான் சாப்பிட வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளை நீக்கி நாட்டிலேயே முதலில் 'வெள்ளைப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டது நம் மலாக்கா மாநிலத்தின் ஒரு பகுதிதான். அது 1953 செப்டம்பரில்.

பழங்கதைதானே என்கிறீர்களா? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது மறந்துவிட்டதா? 2021-இல் உணவில்லாத வீடுகள் வெள்ளைக் கொடி கட்டின. கொடியைப் பார்த்து அக்கம்பக்கத்தார் அரிசியும் முட்டையும் கொண்டு போய்க் கொடுத்தார்கள். கஷ்ட காலம் எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டும். அப்போது இரண்டு காரியம் நம்மைக் காக்கும். ஒன்று, இருப்பதை வைத்துச் சமைக்கத் தெரிந்த அறிவு. இன்னொன்று, அந்த அறிவு மட்டும் போதாது என்று தெரிந்து பக்கத்து வீட்டுக்கும் ஒரு படி கொடுக்கும் மனம்.

பெற்றோர்களே, "மரவள்ளியா? அது ஏழைச் சாப்பாடு" என்று பிள்ளைகள் முகம் சுளித்தால் விட்டுவிடாதீர்கள். யாருடைய சாப்பாடு, எப்போது, ஏன் என்று சொல்லிக் கொடுங்கள். அதே நேரத்தில், பள்ளிக்கு வரும் எந்தப் பிள்ளையும் கிழங்கு மட்டும் தின்றுவிட்டு வராமல் பார்த்துக்கொள்வதும் நம் எல்லாருடைய பொறுப்பு.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். 1945-இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு வயது அல்லது அதற்கும் மேல். அப்படிப்பட்டவர்கள் நம் தோட்டங்களிலும் பட்டணத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நிறைய நாள் இருக்க மாட்டார்கள். போய் உட்கார்ந்து கேளுங்கள். அரிசி இல்லாதபோது என்ன ஆக்கினீர்கள்? எதை எங்கே பறித்தீர்கள்? எதைத் தின்னக் கூடாது என்று எப்படித் தெரிந்தது? யார் உங்களுக்குக் கொடுத்தார்கள், நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்கள்? யாரை இழந்தீர்கள்? அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அடுத்த ஆண்டு மலரில் அவை அச்சாக வேண்டும் என்பது என் ஆசை. இன்று பரிசு வாங்குகிறவர்களும் எழுதலாம், வாங்காதவர்களும் எழுதலாம். இதற்கு மதிப்பெண் கிடையாது.

பரிசு பெறும் அனைவருக்கும் என் பாராட்டு. அவர்களுக்குச் சோறு போட்டு வளர்த்த கைகளுக்கு என் வணக்கம்.