எடுக்காத போனைப் பார்க்கிற வேலை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



"நீ என்ன வேலைதான் பாக்குறே, வந்து சொல்லு" என்று தலைவி அக்கா கேட்டதால் நிற்கிறேன். எங்க அம்மாவுக்கே இன்னும் புரியல. "போன் எடுக்கிற வேலை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் போன் எடுக்கிறதில்லை. யாரும் எடுக்காமல் காத்திருக்கிற போனைப் பார்ப்பதுதான் என் வேலை.

ஒரு தனியார் மருத்துவமனையின் தொலைபேசி அறை அது. ஆறு பெண்கள் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். வெளியே எல்லோருக்கும் ஒரே எண். ஆறு பேரும் பேச்சில் இருந்தால் ஏழாவதாக அழைப்பவர் வரிசையில் நிற்பார், அவர் காதில் பாட்டு ஓடும். ஒருத்தி ஓய்ந்ததும் வரிசையில் முதலில் நிற்பவரை இயந்திரமே அவளுக்கு அனுப்பும். ரேஷன் கடையில் பையைப் போட்டு இடம் பிடிப்பதெல்லாம் இங்கே நடக்காது. என் முன்னால் ஒரு திரை. எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், அதில் அதிக நேரமாய் நிற்பவர் எத்தனை நிமிடமாய் நிற்கிறார், எங்க பெண்களில் யார் பேச்சில், யார் இடைவேளையில், எத்தனை பேர் பேசாமலே வைத்துவிட்டார்கள், எல்லாம் அதில் ஓடும்.

கணக்கு எழுதுகிற அக்காக்களுக்காக ஒன்று சொல்கிறேன். டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்பவர், எத்தனை அழைப்புக்கு எத்தனை ஆள் வேண்டும் என்பதை 1909-லேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு 20 அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் என்று வையுங்கள். மொத்தம் 60 நிமிடம். ஒரு ஆள் போதும் என்றுதானே தோணும்? போதாது. அழைப்புகள் வரிசையாகச் சொல்லிவைத்து வருவதில்லை. ஒரு நேரம் மூணு சேர்ந்து வரும், ஒரு நேரம் ஈ ஓட்டணும். ஒரே ஆள் என்றால் வரிசை நீண்டுகொண்டே போகும். இரண்டு பேர் இருந்தால் மூன்றில் ஒருத்தர் காத்திருப்பார். மூன்று பேர் இருந்தால் பதினொன்றில் ஒருத்தர். அதனால் ஒரு பெண் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் அது தண்டச் சம்பளம் இல்லை. இதை எங்க மேலாளருக்குப் புரியவைக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

இப்போ சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

100 அழைப்பில் 80-ஐ 20 வினாடிக்குள் எடுக்கணும் என்பது இந்தத் தொழிலில் பல இடங்களில் வைத்திருக்கிற அளவு. எங்களுக்கும் அதுதான். மாதாமாதம் எட்டிவிடுவோம். திரையில் காத்திருப்போர் 0 என்று பச்சையாய்த் தெரிந்தால் எனக்கு நிம்மதி. அந்த 0 எப்படி வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. போனை எடுத்தாலும் 0 ஆகும். காத்திருந்தவர் வெறுத்துப்போய் வைத்துவிட்டாலும் 0 ஆகும்.

ஒரு திங்கள்கிழமை, பேசாமல் வைத்தவர்களின் பட்டியலைச் சும்மா திறந்து பார்த்தேன். ஒரே எண் ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் 25 வினாடி போல நின்றுவிட்டு வைத்திருக்கிறது. திரும்ப அழைத்தேன். வயசான ஒரு அம்மா எடுத்தார்.

"பாட்டுப் போடுதும்மா. நம்பர் மாறி யாரு வீட்டுக்கோ போயிட்டுதுன்னு வச்சுட்டேன். திரும்பப் போட்டாலும் பாட்டுதான்."

அவர் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். முறை நாள் மாறியிருக்கா என்று கேட்கத்தான் அழைத்திருக்கிறார். பதில் கிடைக்காததால் பழைய நாளிலேயே இரண்டு பஸ் மாறிக் கூட்டி வந்து, இன்றைக்கு உங்கள் முறை இல்லை என்று சொல்லக் கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். மறுநாளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தோம். அந்த அலைச்சல் அலைச்சல்தான்.

அன்று மாலை அறிக்கையில் அந்த ஏழு அழைப்பைத் தேடினேன். இல்லை. 30 வினாடிக்குள் வைத்தவர்கள் தவறாக அழைத்தவர்கள் என்று எங்கள் இயந்திரத்தில் யாரோ எப்போதோ அமைத்து வைத்திருக்கிறார்கள். ஏழு தடவை கூப்பிட்ட அம்மா எங்கள் கணக்கில் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

மேலாளரிடம் போனேன். அந்த 30 வினாடியை 5 ஆக்கச் சொன்னேன். "ரிப்போர்ட் கெட்டுப் போகும்மா" என்றார். கெட்டுத்தான் போனது. அடுத்த மாதம் 80-ஐ எட்டவில்லை, எனக்குத் திட்டும் கிடைத்தது. ஆனால் பாட்டுக்கு முன்னால் எங்க பெண் ஒருத்தியின் குரலைப் பதிந்து போட்டோம்: "இது ஆஸ்பத்திரிதான், வெச்சிடாதீங்க, உங்களுக்கு முன்னால ரெண்டு பேர் இருக்காங்க." பேசாமல் வைத்தவர்களைக் காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் நாங்களே கூப்பிடுகிறோம். "நீங்களா கூப்பிட்டீங்க?" என்று நம்பாமல் கேட்பவர்கள் உண்டு.

கடைசியாக ஒன்று. தலைவி அக்கா கோவிச்சுக்கக் கூடாது. போன வாரம் நம்ம அலுவலகத்துக்கு வந்தபோது மேசை மேலே இருந்த செல்போனை எடுத்துப் பார்த்தேன். தவறிய அழைப்பு 14. எல்லோரும் சந்தைக்குப் போயிருந்த நேரம். உட்கார்ந்து வரிசையாய் அழைத்தேன். நாலு பேர் கடன் தவணை கேட்டார்கள். ஒருத்தர் வளைகாப்புக்கு 300 அதிரசம் கேட்டு மூன்று தடவை அழைத்துவிட்டு, வெளியே கொடுத்துவிட்டாராம். இன்னொரு எண்ணில் நம்ம உறுப்பினர் ஒருத்தி. "ஒண்ணுமில்லக்கா" என்றாள். குரல் சரியில்லை. சாயங்காலம் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். அதை இங்கே சொல்ல மாட்டேன்.

வரும்போது ஒரு நோட்டு வாங்கி வந்திருக்கிறேன். தேதி, எண், என்ன கேட்டாங்க, திரும்பக் கூப்பிட்டது யார் என்று நாலு கட்டம் போட்டிருக்கிறேன். போன் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் போதும். போகும்போது அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.