காயத்தைத் தேடி வரும் காவலர்கள்



பள்ளியில் அறிவியல் போதித்தவன் நான். ஆயினும் என் உள்ளங்காலில் தைத்த முள், ஆறு வாரம் ஆறாத புண்ணானபோதுதான் வெள்ளை அணுக்களின் அருமையை உணர்ந்தேன்.

1882இல் இத்தாலியின் மெசினா நகரில் மெச்னிக்காப் என்னும் அறிஞர், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. நம் உடலிலும் அப்படியே. கண்ணில்லாத அணுவுக்கு வழி காட்டுவது, கிருமியும் புண்பட்ட சதையும் கசியவிடும் இரசாயனம். அது எந்தப் பக்கம் சற்று மிகுதியோ, அந்தப் பக்கம் அணு தன் உடலை நீட்டி நகரும். இரத்தக் குழாயின் சுவரிடுக்கிலும் நுழைந்து வெளியேறும்.

இனிப்புநீர் நோய் முற்றினால் இந்த நடை தளரும். காலின் உணர்ச்சியும் குறையும். முள் தைத்ததே எனக்குத் தெரியவில்லை. (மாணவர்களை விழிப்பாயிருக்கச் சொன்ன வாத்தியார்!) இப்போது இரவுதோறும் மனைவி விளக்கைப் பிடிக்க, கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்க்கிறேன்.