கதிரொளியும் குழந்தைகளின் மூச்சும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வி என்பது பட்டமும் பதவியும் மட்டுமன்று. நம் முன்னோடியாகிய அயோத்திதாசப் பண்டிதர் இதழாசிரியராக விளங்கியதோடு சித்த மருத்துவராகவும் விளங்கினார். அறிவைப் பரப்பிய கையே நோயையும் தீர்த்தது. அவ்வழியில் நின்று, நம் குழந்தைகளை மழைக்காலந்தோறும் வாட்டும் சளிக்கும் இருமலுக்கும், உயிர்ச்சத்து ‘டி’க்கும் உள்ள தொடர்பைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது, இச்சத்து வைரஸ் நோயைத் தடுத்துவிடும் என்ற பேச்சு எங்கும் எழுந்தது. 60,000 அலகு கொண்ட தூள் பொட்டலங்களைப் பலர் தாமாகவே வாங்கி உண்டனர். அப்பேச்சில் உண்மை எவ்வளவு? நாள் முழுதும் உழைத்துப் பெற்ற கூலியை அதற்குச் செலவிடலாமா? இதுவே நம்முன் உள்ள வினா.

ஏனைய சத்துகளைப் போல் இது உணவில் மிகுதியாகக் கிடைப்பதன்று. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தோலில் படும்போது உடலே இதனை ஆக்கிக்கொள்கிறது. இது குறைந்தால் குழந்தையின் எலும்பு வலுவிழந்து வளையும். ரிக்கெட்ஸ் என்பது அந்நோயின் பெயர். 1919ஆம் ஆண்டில் பெர்லின் நகர மருத்துவர் குல்ட்ஷின்ஸ்கி, அந்நோயுற்ற குழந்தைகளைப் புற ஊதா விளக்கின் ஒளியில் வைத்தே குணப்படுத்திக் காட்டினார்.

எலும்போடு நில்லாமல், நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் இச்சத்து துணைசெய்கிறது என்பது பின்னர்த் தெரிந்தது. எத்தியோப்பியாவில் நடந்து 1997இல் வெளிவந்த ஆய்வொன்றில், நிமோனியா கண்ட 500 குழந்தைகளுள் 210 பேருக்கு ரிக்கெட்ஸ் இருந்தது. நிமோனியா இல்லாத 500 பேருள் 20 பேருக்கே இருந்தது. இதைக் கேட்டவுடன், சத்துக் குறைவே நுரையீரல் நோய்க்குக் காரணம் என்று முடிவுகட்டத் தோன்றும். இளைஞர்களே, இங்கேதான் நிதானம் வேண்டும். இருண்ட வீடு, நெருக்கடியான குடியிருப்பு, அரைவயிற்று உணவு ஆகியவை சத்தையும் குறைக்கும்; நோயையும் கொணரும். இரண்டு தீமைகள் ஒருங்கே காணப்படுவதனாலேயே ஒன்று மற்றொன்றின் தாய் ஆகிவிடாது. வறுமை இரண்டுக்கும் தாயாக இருக்கலாம்.

ஆதலால் ஆய்வாளர்கள் சத்தைக் கொடுத்தே சோதித்தனர். மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில், இச்சத்து மிகவும் குறைந்திருந்த 247 பள்ளிப் பிள்ளைகளுள் ஒரு பகுதியினருக்குக் குளிர்காலத்தில் நாள்தோறும் 300 அலகு சேர்த்த பால் தரப்பட்டது. வெறும் பால் அருந்தியவர்களைவிட அவர்களுக்குச் சளி நோய் ஏறத்தாழப் பாதியாயிற்று. இம்முடிவு 2012இல் வெளிவந்தது. அதே ஆண்டில் காபூலிலிருந்து வந்த முடிவோ வேறு. அங்கு 3,000க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளுள் பாதிப்பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு இலட்சம் அலகு கொடுத்தும் நிமோனியா குறையவில்லை. கனடாவின் டொராண்டோ நகரில் நாளொன்றுக்கு 400 அலகு பெற்ற குழந்தைகளுக்கும் 2,000 அலகு பெற்றவர்களுக்கும் சளி பிடிப்பதில் வேறுபாடே இல்லை என்று 2017இல் அறியப்பட்டது. 46 ஆய்வுகளை ஒருங்கு சேர்த்து எடைபோட்ட 2025ஆம் ஆண்டு மதிப்பீடும், உறுதியான பாதுகாப்பு இருப்பதாகக் காட்டவில்லை.

இவற்றால் நாம் அறிவது யாது? குறைவைப் போக்குதல் கடமை; எலும்புக்கு அது இன்றியமையாதது. ஆனால் வைரஸைத் தடுக்கும் கேடயம் என நம்பி மிகுதியாக உண்பது வீண்செலவு. அளவு மீறினால் குருதியில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகமும் கெடும்.

வெயில் கொழிக்கும் நம் நாட்டிலும் குறைவு உண்டு. 2016–18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளுள் 14 விழுக்காட்டினருக்கும், 10 முதல் 19 வயதினருள் 24 விழுக்காட்டினருக்கும் இக்குறைவு காணப்பட்டது. வளர வளரக் குறைவும் வளர்கிறது. பெண்பிள்ளை வெயிலில் ஆடினால் கறுத்துவிடுவாள் என்று அவளை வீட்டுக்குள் அடைக்கும் தாய்மார்களே, கறுப்பு இழிவன்று. கடும் வெயிலிலிருந்து தோலைக் காக்க இயற்கை தந்த கவசம் அது. அக்கவசம் உடைய மேனிக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும், அவ்வளவே. இளங்காலை வெயிலில் இச்சத்து மிகக் குறைவாகவே உண்டாகும். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகும் வேளையே ஏற்றது. கோடையின் உச்சி வெயிலைத் தவிர்த்து, நாள்தோறும் சிறிது நேரம் பிள்ளைகளை விளையாட விடுங்கள். தாய்ப்பாலில் இச்சத்து குறைவாதலின், கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

குழந்தையின் மூச்சைக் காக்கும் மெய்யான கேடயங்கள் வேறு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், புகையில்லா அடுப்பு, காற்றோட்டமுள்ள வீடு, தடுப்பூசி. நிமோனியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசி 6ஆம் வாரத்திலும், 14ஆம் வாரத்திலும், 9ஆம் மாதத்திலும் அரசால் இலவசமாகப் போடப்படுகிறது. நம் தெருவில் ஒரு குழந்தைகூட அதனை இழக்கலாகாது.

இருமும் குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டு வரை 50, ஐந்தாண்டு வரை 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ, மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிந்தாலோ, குழந்தை பால் குடிக்க இயலாது சோர்ந்தாலோ ஒரு கணமும் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டா. எண்ணத் தெரிந்தால் போதும். ஓர் உயிரைக் காக்கும் கல்வி இது.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பர். வெயிலின் அருமையையும் நாம் அறிதல் வேண்டும். கதிரவன் எத்தெருவையும் விலக்குவதில்லை. அவ்வொளி நுழையச் சாளரம் உள்ள வீட்டையும், பிள்ளைகள் ஆடத் திடலையும் நம் தெருக்களுக்குக் கேட்டுப் பெறுதல் கற்ற இளைஞர்களின் கடமையாகும். இருபத்தைந்து ஆண்டுகள் எழுத்தறிவு ஊட்டிய இக்கழகம், இனி உடல்நல அறிவையும் ஊட்டி நெடிது வாழ்க என வாழ்த்தி அமைகிறேன்.