சாலையில் சிந்திய குருதிக்கு ஈடு கேட்பது நம் உரிமை
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் வாகன விபத்தைப் பற்றியும் இழப்பீட்டைப் பற்றியும் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். தேர்வில் வெற்றி பெறுவது மட்டுமே கல்வியாகிவிடாது. சட்டம் நமக்கென்று வகுத்திருப்பதை அறிந்து, கேட்கவேண்டிய இடத்தில் கேட்டுப் பெறும் ஆற்றலும் கல்வியே. அந்தக் கல்வி இல்லாமையால் நம் வீடுகள் இழந்தது சிறிதன்று.

சாலை என்பது நமக்கு எளிதாகக் கிடைத்த பொருள் அன்று. பொதுச் சாலையில் நடப்பதற்கே நம் முன்னோர் போராட வேண்டியிருந்தது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், 1924-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் ஒடுக்கப்பட்ட மக்கள் தடையின்றிப் பயன்படுத்த வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். நூறாண்டுகள் கடந்துவிட்டன. இன்று அதே மாவட்டத்துச் சாலைகளில் நாம் நடக்கிறோம். மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்கிறோம். திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு நம் பெண்மக்கள் விடியுமுன் வேனில் ஏறுகின்றனர். நடக்கும் உரிமையை அவர்கள் பெற்றுத் தந்தார்கள். அச்சாலையில் அடிபட்டு விழுந்தால் அதற்குரிய ஈட்டைப் பெறும் உரிமையை நாம் காத்துக்கொள்ள வேண்டாமா?

நாம் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறோம். பெயர் வேண்டுவதில்லை. காஞ்சிக்கு அருகிலுள்ள சிற்றூர் இளைஞர் ஒருவர், கூலிக்குப் பட்டு நெய்பவர். இரவில் மிதிவண்டியில் வீடு திரும்புகையில் ஒரு கார் மோதிற்று. வலக்கால் எலும்பு நொறுங்கியது. காரின் உரிமையாளர் ஊர்ப் பெரியவர் இருவரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கே வந்தார். "வழக்கு என்று அலைந்தால் உனக்கென்ன கிடைக்கும்?" என்று கூறிப் பதினையாயிரம் ரூபாய் கொடுத்துத் தாளொன்றில் கையொப்பம் பெற்றார். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் 'மிதிவண்டியிலிருந்து தவறி விழுந்தார்' என்று எழுதப்பட்டது. காவல் நிலையத்திற்கு ஒருவரும் செல்லவில்லை. ஓராண்டு கழித்து, ஊன்றுகோலுடன் நம் சங்கத்தின் படிப்பகத்திற்கு வந்தார். குழித்தறியில் அமர்ந்தால் கால் மிதியை அழுத்த முடியவில்லை. தறியை வேறொருவரிடம் விட்டுவிட்டார். அவருக்காக நாம் வழக்கறிஞரை அணுகியபோது, அவர் அந்தப் பதிவேட்டு நகலைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். அவ்வழக்கு தொடங்குமுன்பே மருத்துவமனை வாயிலில் தோற்றுவிட்டது.

ஆகவே, முதல் நாளில் செய்யவேண்டியவற்றை முதலிற் கூறுகிறோம். உயிரைக் காப்பதே முதற்கடமை. 108-ஐ அழையுங்கள். அடிபட்டவரைத் தூக்கிச் சென்று சேர்ப்பவரைச் சட்டம் துன்புறுத்தாது; 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் அவருக்குப் பாதுகாப்பளிக்கும் தனிப்பிரிவே சேர்க்கப்பட்டுள்ளது. மருத்துவச் செலவுக்கு அஞ்சித் தயங்கவும் வேண்டா. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த மத்திய அரசுத் திட்டத்தின்படி, அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒன்றரை இலட்சம் ரூபாய் அளவுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம்.

அடுத்து, மருத்துவர் பதிவேட்டில் எழுதும்போது உடனிருப்பவர் 'இன்ன வாகனம் மோதியது' என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். வாகன எண்ணை யாரேனும் கண்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் புகார் அளித்து முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுங்கள். புகார் அளித்தவருக்கு அது இலவசம். மருந்துக் கடைச் சீட்டு, ஆட்டோ வாடகைச் சீட்டு, ஊடுகதிர்ப்படம் ஆகிய எதனையும் எறியாதீர்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, யார் வந்து கேட்டாலும் எழுதிய தாளிலோ வெற்றுத் தாளிலோ கையொப்பம் இடாதீர்கள்.

'ஓட்டுநரைக் குற்ற வழக்கில் விடுதலை செய்துவிட்டார்களே, இனி நமக்கு என்ன வழி?' என்று மனம் தளர்வோர் பலர். குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. ஒரு பேருந்து, தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதிப் பலர் இறந்த வழக்கில், ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையான பின்னரும், இழப்பீடு வழங்கியது சரியே என 1980-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர். இங்கொரு ஐயம், அங்கொரு தெளிவின்மை என்று காட்டி உரிமையாளர்கள் தப்பிவிடாதபடி தீர்ப்பாயங்கள் விழிப்பாயிருக்க வேண்டும் என்ற கருத்தை அவர் அதில் வலியுறுத்தினார்.

வழக்கை எங்கே தொடுப்பது? மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில். விபத்து எவ்வூரில் நடந்திருப்பினும், நாம் வாழும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே 166-ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். எப்போது? 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் கெடு நடைமுறைக்கு வந்தது. அக்கெடு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாக்கப்பட்டிருப்பினும், நாம் ஆறு மாதத்திற்குள் மனுச் செய்வதே அறிவுடைமை. காவல்துறை தன் அறிக்கையைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்பவேண்டும் என்று விதி உண்டு; அதனை நம்பி வாளாவிருத்தல் கூடாது. மோதிய வாகனம் இன்னதென்றே தெரியாமற் போனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. வருவாய்த் துறை அலுவலர் வழியாக விண்ணப்பித்தால், உயிரிழப்புக்கு 2 இலட்சம் ரூபாயும், கொடுங்காயத்திற்கு 50 ஆயிரம் ரூபாயும் கிடைக்கும்.

இனி, எவ்வளவு கேட்பது? நம்மவர் பெரிதும் ஏமாறும் இடம் இதுவே. மருத்துவர் எழுதும் ஊன விழுக்காடு வேறு. பிழைப்பில் ஏற்படும் இழப்பு விழுக்காடு வேறு. இதனை உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டில் தெளிவாக விளக்கியது. ஒரு கை போனால், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமல் இருக்கலாம். தச்சருக்கும் ஓட்டுநருக்கும் ஏறக்குறைய பிழைப்பே முழுதும் போய்விடும். அதே அளவுகோலை நம் தறிக்குப் பொருத்திப் பாருங்கள். குழித்தறியில் காலால் மிதித்துக் கையால் நாடா ஓட்டுபவருக்குக் கால் ஊனம் என்பது தொழிலின் பாதியா, முழுமையா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். வயது 32, மாத வருமானம் 10 ஆயிரம் ரூபாய், ஆண்டுக்கு 1,20,000. 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 31 முதல் 35 வயது வரைக்குரிய பெருக்கும் எண் 16. பெருக்கினால் 19,20,000. மருத்துவர் எழுதிய 20 விழுக்காட்டை அப்படியே ஏற்றால் கிடைப்பது 3,84,000. தறியில் இனி அமர முடியாது என்பதை மெய்ப்பித்து, பிழைப்பிழப்பு 75 விழுக்காடு எனத் தீர்ப்பாயம் ஏற்றால் 14,40,000. இரண்டிற்கும் இடைப்பட்ட பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட தொகை, தொழிலின் இயல்பை எடுத்துரைக்கும் சாட்சியத்தைப் பொறுத்தது. இதன்மேல், வருங்கால வருமான உயர்வுக்காக, 40 வயதிற்குட்பட்ட சுயதொழில் புரிவோர்க்கு 40 விழுக்காடு சேர்த்துக் கணக்கிடலாம் என்பது 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மருத்துவச் செலவு, உடனிருந்து பார்த்தவரின் உழைப்பு, பட்ட வேதனை ஆகியவற்றிற்குத் தனித்தனியே கேட்க வேண்டும்.

'சம்பளச் சீட்டு இல்லையே' என்று கலங்க வேண்டா. காலிழந்த காய்கறி வணிகர் ஒருவரின் வழக்கில், இத்தகையோரிடம் வருமானச் சான்று எதிர்பார்ப்பது முறையன்று எனக் கருதி, மாதம் 6,500 ரூபாய் வருமானம் என 2014-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே கணித்துக்கொண்டது. எனினும் நெசவாளர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்கப் புத்தகம், கூலிக் குறிப்பு, வங்கிக் கணக்கு ஆகியவை இருப்பின் வலிமை மிகும். வீட்டில் உழைக்கும் பெண்களின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டென்று 2001-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டிலும் தீர்ப்புகள் வந்துள்ளன. 'அவள் சம்பாதிக்கவில்லை' என்று நம் வாயால் நாமே கூறிவிடக் கூடாது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்பீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினரும் பெண்களும் மாற்றுத் திறனாளிகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். மருத்துவமனை வாசலில் வந்து 'பாதிக்குப் பாதி' பேசும் தரகரை நம்பாதீர்கள். தீர்ப்புத் தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞர் தொழில் விதிகளுக்கே முரணானது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்வதாயின் நன்கு எண்ணிச் செய்யுங்கள். அங்கு முடிந்ததற்கு மேல்முறையீடு இல்லை. தீர்ப்பாயத்தின் தொகை குறைவெனில் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். தீர்ப்புக்குப் பின்னும் பணம் வராவிட்டால் நிறைவேற்று மனு உண்டு. தொகை கட்டாத அரசுப் பேருந்தையே ஜப்தி செய்து நீதிமன்ற வளாகத்தில் நிறுத்திய செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம்.

இளைஞர்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். தெருவுக்கு இருவர் இப்பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். விபத்து என்ற செய்தி வந்ததும் ஒருவர் மருத்துவமனைக்கும், மற்றவர் காவல் நிலையத்திற்கும் செல்லட்டும். பதிவேட்டில் எழுதப்படுவதைப் படித்துப் பார்க்கும் கண் நம் கண்ணாக இருக்கட்டும். அன்றிரவு படிப்பறிந்த ஒருவர் அருகில் இருந்திருந்தால், அந்த நெசவுத் தோழர் ஈட்டுத் தொகையில் தம் பிள்ளைகளைப் படிக்கவைத்திருப்பார். மூத்த மகன் இன்று பள்ளியை விட்டு நின்று அதே தறியில் கூலிக்கு அமர்ந்திருக்கிறான். அவனை மீண்டும் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பைச் சங்கம் இவ்விழா நாளில் ஏற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.