படம் சுருங்கட்டும், பாடம் சுருங்க வேண்டாம்



நெல்லியாளத்தில் சாலை ஒரு வளைவு திரும்பினால் அலைபேசிச் சிக்னல் போய்விடும். தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் பல வீடுகளுக்கு ஒரே கைப்பேசி. அம்மா இலை பறித்துத் திரும்பிய பிறகுதான் அது பிள்ளையின் கைக்கு வரும். அந்த நேரத்துக்குள் நாம் அனுப்பிய பயிற்சித்தாள் இறங்கவில்லை என்றால், அன்றைய பாடம் அந்தப் பிள்ளைக்கு இல்லை.

நான்கு பக்கத் தாள் எப்படி 20 எம்பி ஆகிறது? எழுத்துகளால் அல்ல, படங்களால். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படத்தில் 4000 × 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கும். வேர்டில் அதன் மூலையைப் பிடித்து இழுத்தால் தாளில்தான் சிறிதாகும். கோப்பின் எடை அதனால் குறையாது. 6 அங்குல அகலப் படத்துக்கு அங்குலத்துக்கு 150 புள்ளிகள் போதும். கணக்கிட்டுப் பாருங்கள்: 900 × 675, சுமார் 6 லட்சம். இருபதில் ஒரு பங்கு!

செய்முறை எளிது. முதலில் மூலக்கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். சுருக்கிச் சேமித்த படம் பழைய தெளிவுக்குத் திரும்பாது. பிறகு படத்தைச் சொடுக்கி, 'பிக்சர் ஃபார்மேட்' பட்டியில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற குறியை நீக்கினால் எல்லாப் படங்களும் சுருங்கும். 150 பிபிஐ தேர்ந்து சேமியுங்கள். லிப்ரே ஆஃபிஸிலும் படத்தின் மீது வலச்சொடுக்கினால் இதே வசதி உண்டு.

வெட்டிய பகுதிகளை நீக்கும் குறியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'கிராப்' செய்து நாம் மறைத்த மாணவர் முகமோ ஆதார் எண்ணோ அதுவரை கோப்புக்குள்ளேயே இருக்கும். பெறுபவர் அதை மீட்டெடுக்க முடியும்.

பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, நடராஜன், ராவ் ஆகியோருடன் 1974-இல் வெளியிட்ட கணித முறைதான் ஜேபெக் சுருக்கத்தின் அடித்தளம். கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களை அது கைவிடுகிறது. பூவின் படத்தில் அது தெரியாது. எழுத்தின் படத்தில் தெரியும். மிகையாகச் சுருக்கினால் மெய்யெழுத்தின் புள்ளி மங்கும். 'க்' என்பதைக் குழந்தை 'க' என்று படிக்கும். ஆகவே எழுத்தைப் படமெடுத்து ஒட்டாதீர்கள், தட்டச்சு செய்யுங்கள்.

அனுப்பும் முன் கோப்பின் அளவை ஒருமுறை பாருங்கள். கடைசிக் குடியிருப்பில் இருக்கும் பிள்ளைக்கும் அது போய்ச் சேர வேண்டும்.